அடிப்பலகையில் நாலு துளை

கண்ணையன் அடைத்த ஓட்டையைக் கடல் திறந்ததில்லை என்று காரைக்காலில் ஒரு பேச்சு உண்டு. சொன்னது விசைப்படகு முதலாளிகள். வேலைக்காரனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் கூலியைக் கூட்டிக் கேட்பானோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொள்கிற வர்க்கம் அது. அவர்களே சொன்னார்கள் என்றால் அதில் பொய் இருக்க நியாயமில்லை.

கிளிஞ்சல்மேட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். மீன்குஞ்சுக்கு நீச்சல் வரவில்லை என்று ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அரசலாற்றங்கரையில் இருக்கிற படகுப் பட்டறைக்கு உளியோடு போனவன், முப்பது வருஷமாக அங்கேயேதான் இருந்தான்.

படகு வேலையில் அவன் கைக்கு வாய்த்தது கலப்பத்து அடிப்பது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, தட்டையான உளியால் அடித்து இறக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி மூடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது. பழகிப் பழகி, ஓட்டை என்று ஒன்றைப் பார்த்தால் புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். "எங்க வீட்டுக்காரருகிட்ட சல்லடையைக் குடுத்தாலும் அடச்சுக் குடுத்துடுவாரு" என்று அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் மீன் கூடையோடு போகிற தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் அவர்களுக்கு மாரிக்கண்ணு பிறந்தாள். அவளுக்கு எட்டு வயது நடக்கும்போது, அந்த மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. கண்ணையன் பட்டறையில் இருந்தான். குஞ்சம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நெடுங்காட்டுக்கு மீன் விற்கப் போயிருந்தாள். பிள்ளை மட்டும் மற்ற பிள்ளைகளோடு மணலில் விளையாடிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளுக்குப் பிள்ளையோ, பிள்ளையின் உடம்போ கிடைத்தது. மாரிக்கண்ணு கிடைக்கவில்லை.

குஞ்சம்மாள் அழவில்லை. எத்தனையோ பேர் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள், அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். நாகப்பட்டினத்திலிருந்து கடலூர் வரைக்கும் ஆஸ்பத்திரி, அனாதை விடுதி ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். படத்துக்கு மாலை போடலாம் என்று வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். "காணோம்னுதானே எல்லாரும் சொல்றீங்க. செத்துப்போச்சுன்னு யாரு பாத்தீங்க?" என்பாள். கருமாதி நடக்கவில்லை. அரசாங்கம் கொடுத்த தகரக் கொட்டகையில் குடியேறியபோது, கதவுக்குக் கொண்டி போட உளியை எடுத்தான் கண்ணையன். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டாள். பிள்ளை எந்த நேரத்தில் வருமோ, வந்து தள்ளிப் பார்க்கும்போது கதவு திறக்க வேண்டாமா. ஊருக்கே கலப்பத்து அடிக்கிறவன் வீட்டுக் கதவு ஒன்றரை வருஷம் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது.

குஞ்சம்மாளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர்களில் நெடுங்காட்டுப் பங்கஜவல்லி ஒருத்தி. அவள் புருஷன் சோமசேகரனுக்கு மின்துறையில் வேலை, கொஞ்சம் நெல் சாகுபடி. இரண்டும் வயிற்றுக்கு. மனசுக்கு மேஜிக். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் தொப்பியிலிருந்து புறாவும் வாயிலிருந்து ரிப்பனும் எடுத்துக்கொண்டிருந்த மனுஷர், ஐம்பதை நெருங்குகிற வயதில் பெரிதாக ஒன்று செய்ய ஆசைப்பட்டார். முழுக் கதை, பத்துப் பாட்டு, பாட்டுக்கு ஒரு மேஜிக், எல்லாம் மேடையில் கண்ணெதிரே நடக்க வேண்டும். நாடகத்துக்கு 'பேழையில் வந்த பெண்' என்று பெயரும் வைத்துவிட்டார். பொல்லாத மந்திரி இளவரசியைப் பேழையில் அடைத்துக் கடலில் விட்டுவிடுவான். வெறும் பேழைதான் கரை ஒதுங்கும். மாயக்காரன் மந்திரம் போட, வெறும் பேழைக்குள்ளிருந்து பாட்டு கேட்கும், இளவரசி எழுந்து வருவாள். 2006 வைகாசியில் நெடுங்காட்டுத் திருவிழாவில் முதல் அரங்கேற்றம்.

எல்லாம் தயார், பேழைதான் இல்லை. உள்ளூர்த் தச்சர் செய்து கொடுத்தது அசல் பீரோ மாதிரி இருந்தது. பங்கஜவல்லி மீன் வாங்கும்போது இதைச் சொல்லிப் புலம்ப, "எங்க வீட்டுக்காரரு செய்வாருக்கா" என்று குஞ்சம்மாள் வாயை விட்டாள். அப்படித்தான் கண்ணையன் நெடுங்காட்டுக்கு பஸ் ஏறினான்.

சோமசேகரன் அவனைப் பூஜை அறையில் நிறுத்திக் கற்பூரத்தைக் கொளுத்தினார். "கண்ணையா, இது தொழில் ரகசியம். வெளியில போச்சுன்னா என் மானம் போச்சு. பொண்டாட்டி புள்ளைக்கிட்டகூட மூச்சு விடக் கூடாது" என்றவர், சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணையன் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தான்.

ரகசியம் என்ன பெரிய ரகசியம். பேழைக்குள்ளே ஒரு சாய்வுப் பலகை. அதன் அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டால் ஒல்லியான ஒரு பெண் ஒடுங்குகிற அளவுக்கு இடம். பலகைக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம், அவள் கைக்குத்தான் எட்டும். மேலே மூடியைத் திறந்து காட்டினால் பார்க்கிறவனுக்கு வெறும் பெட்டி. பேழைக்குக் குட்டைக் கால்கள், மூச்சுக்கு அடிப்பலகையில் விரல் தடிமனுக்கு நாலு துளை. அந்த நாலையும் கண்ணையன்தான் தன் கையால் துளைத்தான். அடியில் ஓட்டை போடச் சொன்ன முதல் மனுஷர் நீங்கள்தான் சார் என்று அன்றைக்கு அவன் சொல்ல, சோமசேகரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒத்திகை நெல் குடோனில் நடந்தது. இளவரசி, சோமசேகரனின் அக்காள் மகள் சந்திரலேகா. கல்லூரியில் படிக்கிற பெண், நல்ல குரல். முதல் ஒத்திகையன்று குஞ்சம்மாள் பங்கஜவல்லிக்கு மீன் கொடுத்துவிட்டுக் குடோன் வாசலில் எட்டிப் பார்த்தாள். சந்திரலேகா பேழைக்குள் இறங்கினாள். மூடி விழுந்தது. உள்ளேயிருந்து பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. மூடியைத் திறந்தார்கள், ஒன்றுமில்லை. நீலத் துணியை அலையாக ஆட்டினார்கள். மறுபடி மூடி, மந்திரம் சொன்னதும், வெறும் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது:

அலையே அலையே வழியை விடு,
அம்மா மடிக்கு என்னை விடு.

மூடி திறந்தது. பெண் எழுந்து நின்றாள். குஞ்சம்மாள் கூடையை அங்கேயே கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், ஒத்திகைக்குப் பேழையோடு வந்திருந்த கண்ணையன் பக்கம் திரும்பினாள். "பெட்டியில ஒண்ணும் இல்லதானே? நானும் நல்லாத்தான் பாத்தேன்."

"நாடகம் குஞ்சு."

"நாடகந்தான். யாரு இல்லேன்னா. ஆனா வந்துச்சுல்ல."

அன்று சாயங்காலம் அவள் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மாங்காய் போட்டு மீன் குழம்பு வைத்தாள். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கண்ணையனுக்கு நாக்கு நுனி வரை வந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. சத்தியம் செய்திருக்கிறோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சத்தியம் ஒரு சாக்கு. அந்த முகத்தை மறுபடியும் இழக்க அவனுக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

பயந்தவன் செய்கிற காரியம் எதுவும் நேராகப் போகாது. குஞ்சம்மாள் தினமும் ஒத்திகைக்கு வர ஆரம்பித்தாள். கூடையில் மீன் நாறுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவன் கை கழுவிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, சார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"என்ன?"

"நம்ம புள்ள பாவாடை ஒண்ணு இருக்குல்ல. அதைப் பெட்டியில வச்சு ஒரு தடவை மூடித் திறக்கச் சொல்லுங்க. வரலேன்னா வரல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கண்ணையன் துண்டால் கையைத் துடைத்தான், காய்ந்த பிறகும் துடைத்தான். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "திருவிழா முடியட்டும், கேக்குறேன்" என்றான். அவள் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் சோமசேகரன் ஆள் அனுப்பினார். மேடை விளக்கைப் போட்டுப் பார்த்தால் பேழையின் இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிகிறதாம், அடைத்துக் கறுப்பு அடித்துக் கொடுக்க வேண்டுமாம். கண்ணையன் திரியும் குங்கிலியமும் எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டான். பேழையைக் கவிழ்த்துப் போட்டு வேலையை ஆரம்பித்தான். கை வேலை செய்தது, மனசு பாவாடையைச் சுற்றிக்கொண்டிருந்தது. கேக்குறேன் என்று சொல்லிவிட்டோம், என்னத்தைக் கேட்பது, கேட்காமல் எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது. இடுக்கு இடுக்காக அடைத்து, வழித்து, கறுப்பு பெயின்ட் அடித்து முடித்தபோது மணி பத்து. சோமசேகரன் பேழையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதிலேயே சிலோனுக்குப் போகலாம் போலிருக்கே என்றார். பெயின்ட் காயவில்லை என்று அதற்குப் பிறகு அதில் ஒத்திகை பார்க்கவில்லை.

அரங்கேற்றத்தன்று ஆறரை மணிக்கெல்லாம் கோயில் திடல் நிரம்பிவிட்டது. குஞ்சம்மாள் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று மேடை ஓரத்திலிருந்து பார்த்த கண்ணையனுக்குத் தெரியும். பெட்டியைத் தள்ளவும் திருப்பவும் அவனை நிற்க வைத்திருந்தார்கள். உடைந்தால் சரிசெய்ய உளிப் பை காலடியில் இருந்தது.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. தலைப்பாகைக்குள்ளிருந்து புறா பறந்தது. தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தால் மல்லிகைப்பூ கொட்டியது. கீபோர்டும் டோலக்கும் தூள் கிளப்பின. பேழைக் காட்சி வந்தது. சந்திரலேகா அழுதுகொண்டே பாடியபடி உள்ளே இறங்கினாள், மூடி விழுந்தது, பாட்டு தேய்ந்தது. சோமசேகரன் மூடியைத் திறந்து பேழையைச் சபைப் பக்கம் சாய்த்துக் காட்டினார். வெறும் பெட்டி. திடல் முழுக்கக் கைதட்டல்.

அந்தக் கைதட்டலில்தான் விழாக் குழுத் தலைவருக்கு உற்சாகம் பொங்கியது. நம் ஊரில் மேடையில் கதாநாயகன் செத்துக்கொண்டிருந்தாலும் சரி, பொன்னாடை வந்துவிட்டால் எழுந்து நின்று போர்த்திக்கொண்டுதான் மறுபடி சாக வேண்டும். தலைவர் மேடை ஏறினார். மைக்கை வாங்கினார். சோமசேகரனின் அப்பா காலத்திலிருந்து ஆரம்பித்துப் பேசினார். அவர் போர்த்தி முடித்ததும் உபதலைவர், அவருக்குப் பிறகு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஆளுக்கு ஒரு பேச்சு.

சோமசேகரனால் என்ன சொல்ல முடியும்? வெறும் பெட்டி என்று இப்போதுதான் ஊருக்கே காட்டியிருக்கிறார். உள்ளே பெண் இருக்கிறாள், சீக்கிரம் இறங்குங்கள் என்றா சொல்வார்? கும்பிட்டுக் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார். கண்ணையனும் பதறவில்லை. வேர்க்கும், கால் மரத்துப்போகும், அவ்வளவுதான். அடியில் நாலு துளை இருக்கிறதே.

ஒருவழியாக அவர்கள் இறங்கினார்கள். மூடியை மூடினார்கள், மந்திரம் சொல்லி ஆயிற்று. கீபோர்டில் பாட்டின் தொடக்கம் வந்தது. பேழை பேசாமல் இருந்தது. கீபோர்டுக்காரர் மறுபடி வாசித்தார். அப்போதும் பாட்டு வரவில்லை. பெண்ணுக்கு அடி மறந்துவிட்டது போல என்று யாரோ சிரித்தார்கள்.

கண்ணையன் தன் வலது கையைப் பார்த்தான். அன்றைக்குக் கவிழ்த்துப் போட்ட பேழை ஞாபகத்துக்கு வந்தது. இடுக்குக்குத் திரியை நீளமாக வைத்து உளியால் அடிக்க வேண்டும். உருண்டையாகத் திரட்டிக் கட்டைவிரலால் அழுத்துவது துளைக்கு மட்டும்தான். கட்டைவிரல் நாலு தடவை அழுத்தியது. புத்திக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்திருந்தது.

உளிப் பையோடு மேடைக்கு ஓடினான். தாழ்ப்பாள் உள்பக்கம், மேலே திறந்து பயனில்லை என்று பேழையைப் பக்கவாட்டில் தள்ளினான். அடிப்பலகை சபையைப் பார்த்துக்கொண்டு நின்றது, கறுப்பு மழமழவென்று, ஒரு துளை இல்லாமல். உளியை வைத்துச் சுத்தியலால் போட்டான். அவன் அடித்த கலப்பத்து அவனையே உள்ளே விடவில்லை. "கண்ணையா, என்னப்பா பண்றே" என்று சோமசேகரன் ஓடி வந்து தோளைப் பிடித்தார். உதறிவிட்டு மறுபடி போட்டான். பலகை ஓரமாக விட்டது. விரலைக் கொடுத்துப் பிய்த்தான். முதலில் வெளியே வந்தது பூ வைத்த பின்னல். அதைத் தொடர்ந்து தோளும் முகமும். உதடு நீலம் பாரித்திருந்தது. கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்து மடியில் போட்டுக் கன்னத்தில் தட்டினான்.

திடல் எழுந்து நின்று கைதட்டியது. இதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள். பங்கஜவல்லி அலறிக்கொண்டு மேடை ஏறிய பிறகுதான் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த நிசப்தத்தில் சந்திரலேகா ஒரு மூச்சு இழுத்தாள். கிழிகிற துணி மாதிரி ஒரு சத்தம். பின்னாலேயே இருமல், அதற்குப் பிறகு அழுகை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாமாவின் மானம் போய்விடுமே என்று தாழ்ப்பாளைத் தொடாமல் பொறுத்திருந்து, அப்படியே மயங்கிவிட்டாளாம்.

"துளை நாலையும் அடச்சது நான்தான் சார்" என்றான் கண்ணையன். சோமசேகரன் ஓங்கிய கையைப் பாதியில் இறக்கினார். மூன்று பொன்னாடையும் தோளில்தான் இருந்தன. "நான் சிரிச்சுக்கிட்டு நின்னேனேய்யா" என்று சொல்லி, மேடையிலேயே உட்கார்ந்தார். அடுத்த ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு அவரும் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், குஞ்சம்மாள் பேழை பக்கத்தில் குந்தியிருந்தாள். உடைந்த இடத்தில் கையை விட்டுச் சாய்வுப் பலகையைத் தடவினாள். அடியில் இருந்த இடத்தைச் சாண் போட்டு அளந்தாள்.

"இதான் குஞ்சு. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்" என்றான்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்து சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பொண்ணு உள்ள எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"இருவது நிமிஷம் இருக்கும்."

"தவிச்சிருக்கும்ல."

"ம்."

குஞ்சம்மாள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். "நம்ம புள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" என்றாள்.

ஒன்றரை வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி. பிள்ளை வரும் என்று நினைக்கிறவள் கேட்கிற கேள்வி இல்லை அது. படகுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஏறும் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியும். இதை அவனாலும் சொல்ல முடியாது, எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது.

"அவ்வளவு நேரமெல்லாம் ஆயிருக்காது குஞ்சு. அந்தப் பாட்டுல ஒரு அடி பாடுற நேரங்கூட ஆயிருக்காது. புள்ளைக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவள் உள்ளங்கையை அவன் முன்னால் நீட்டினாள். "சத்தியமா?"

கற்பூரத்தில் செய்த சத்தியத்தைச் சற்று முன்புதான் ஆயிரம் பேர் பார்க்க உடைத்துவிட்டு வந்தவன் அவன். அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அடித்தான். "சத்தியமா" என்றான்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் குஞ்சம்மாள் பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்து, கேட்காமல் திரும்பிப் போனார். காரைக்கால் வரும் வரை அழுதாள். கண்ணையன் அவளை நிறுத்தச் சொல்லவில்லை, அவனும் அழுதான்.

மறுநாள் காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்தவள், "கதவுக்கு ஒரு கொண்டி போட்டுடுங்க" என்றாள்.

அரை மணி நேர வேலை. கண்ணையன் அன்று மத்தியானம் வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டிருந்தான்.